நாய்ச் சொறியும் மனிதச் சிரங்கும்

வீட்டிலே பிள்ளைகளுக்குச் சிரங்கு கண்டவுடன் முற்றத்திற் படுத்திருக்கும் நாயின்மீது பழி சுமத்துவது நம்மவரிற் பலருடைய வழக்கம். "அந்தச் சொறிநாயைத் தொடாதே என்று எத்தனை தரம் சொன்னேன்" என்று தாய் பிள்ளையைக் கண்டிக்கிறாள். நாய் படலைக்கு வெளியே துரத்தப்படுகிறது. சில வேளைகளிற் சாக்கிற் கட்டி எடுத்துச் செல்லப்பட்டுத் தொலைவிலுள்ள சந்தையடியிலே விடப்படுகிறது. நாய் போய்விடுகிறது, சொறி மாத்திரம் போகவில்லை. பிள்ளையிடமிருந்து தமையனுக்கும், தமையனிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து தொட்டிற் குழந்தைக்கும் அது பரவுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

நாயின் சொறியும் மனிதரின் சிரங்கும் ஒன்றா, வேறா? ஒன்றிலிருந்து மற்றொன்று உண்டாகுமா? இவற்றை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு தீர்ப்பது? இவ்வினாக்களுக்கு விஞ்ஞானம் தெளிவான விடைகளைத் தந்திருக்கிறது. அவ்விடைகளை அறிந்துகொண்டால் பிள்ளைகளுக்கும் நன்மை. வாயில்லாப் பிராணிக்கும் நன்மை.

சிற்றுண்ணி என்பது யாது?

இருவகை நோய்க்கும் காரணம் சிற்றுண்ணி எனப்படும் மிகச் சிறிய உயிரினமாகும். பேனும் தெள்ளும் ஆறு கால்களையுடைய பூச்சிகள். சிற்றுண்ணியோ சிலந்தியையும் தேளையும் போல எட்டுக் கால்களையுடையது. நாயின் காதிலே கொழுத்துத் தொங்கும் உண்ணிக்கு இது தூரத்து உறவாயினும், உருவத்தில் அதனினும் எத்தனையோ மடங்கு சிறியது.

சிரங்கை உண்டாக்கும் இனத்துக்குச் சார்கொப்டீஸ் என்பது பெயர். வளர்ந்த பெண் சிற்றுண்ணி ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் நீளமுடையது. கூர்ந்த பார்வை உள்ளவர்களுக்கு ஒரு வெண்புள்ளி போலத் தோன்றலாம். அது மேற்றோலின் உயிரற்ற படையிலே சுரங்கம் போன்ற வளையைக் குடைந்து, அதனுள்ளேயே தன் வாழ்நாளைக் கழிக்கிறது. நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முட்டைகளை இடுகிறது. மூன்று நான்கு நாட்களில் முட்டை பொரிக்க, இரண்டு வாரமளவில் அடுத்த தலைமுறை வளர்ந்துவிடுகிறது. மனித உடலை விட்டு நீங்கினால் இச்சிற்றுண்ணி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் உயிர் வாழ்வது அரிது.

பேதைப் பெண்கள் அறிந்த உண்மை

இச்சிற்றுயிரே நோய்க்குக் காரணம் என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட வரலாறு சுவையானது. 1687ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு லிவோர்னோ நகரில் பொனோமோ என்னும் மருத்துவரும், செஸ்தோனி என்னும் மருந்து வணிகரும் இதனை ஆராய்ந்தனர். அந்நகரத்து ஏழைப் பெண்கள் தம் குழந்தைகளின் சிரங்கிலிருந்து ஊசி நுனியால் எதையோ தோண்டி எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதை அவர்கள் அறிந்திருந்தனர். அங்ஙனம் எடுக்கப்பட்டதை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கியபோது, ஆமை வடிவங்கொண்ட உயிரொன்று நடமாடக் கண்டனர். அக்காலத்து மருத்துவர்களோ, உடலில் ஊறும் கெட்ட நீரே சிரங்காக வெளிப்படுகிறது என்ற கொள்கையைக் கைவிட ஆயத்தமாயிருக்கவில்லை. கண்டுபிடிப்பு ஏறத்தாழ மறக்கப்பட்டே போயிற்று.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், 1834இல், பாரிஸ் நகரத்து ஆசுபத்திரி ஒன்றிலே கோர்சிக்காத் தீவைச் சேர்ந்த ரெனுச்சி என்னும் மருத்துவ மாணவர் எல்லோர் முன்னிலையிலும் ஊசியாற் சிற்றுண்ணியை எடுத்துக் காட்டினார். அதனை எடுக்கும் முறையை அவர் கற்றது எந்தப் பேராசிரியரிடமும் அன்று. தம் தீவின் குடியானவப் பெண்களிடமே.

கொப்புளத்திலே தேடியவர்களுக்குச் சிற்றுண்ணி அகப்படவில்லை. கொப்புளத்துக்குச் சற்று அப்பால், வளையின் முடிவிலே தேடிய பெண்களுக்கே அகப்பட்டது. எங்கே பார்க்கவேண்டும் என்பதை அறிதலே நோயறிதலிற் பாதி என்பதற்கு இது சான்று.

மனிதரில் நோயை இனங்காணல்

சிரங்கின் முதல் அடையாளம் இரவிலே மிகுந்து வரும் சொறிவு. பகலில் ஓடியாடித் திரியும் பிள்ளை, பாயிற் படுத்து உடல் சூடேறியதும் உறக்கமின்றிச் சொறியத் தொடங்கும். இரண்டாவது அடையாளம் சொறிவு காணும் இடங்கள். விரல் இடுக்குகள், மணிக்கட்டின் உட்புறம், முழங்கை, அக்குள், தொப்புளைச் சுற்றிய பகுதி, இடுப்பு, பிறப்புறுப்பு, பெண்களின் மார்பு ஆகியன சிற்றுண்ணி விரும்பும் இடங்களாம். வளர்ந்தவர்களின் முகத்திலும் தலையிலும் அது பொதுவாகக் காணப்படுவதில்லை. கைக்குழந்தைகளிலோ தலை, உள்ளங்கை, உள்ளங்கால் என எங்கும் காணப்படலாம். மூன்றாவது அடையாளம், அதே வீட்டில் அல்லது ஒரே விடுதி அறையில் மற்றொருவருக்கும் சொறிவு இருத்தல்.

இம்மூன்றும் ஒருங்கே காணப்பட்டாற் சிரங்கெனச் சந்தேகித்தல் வேண்டும். நோயை உறுதிப்படுத்த மருத்துவர் வளையைத் தேடுவார். அது தோலின்மேல் நரைநிறமான மெல்லிய வளைகோடாக, சில மில்லிமீற்றர் நீளத்திற் காணப்படும். எளிய சோதனை ஒன்றும் உண்டு. சந்தேகமான இடத்திற் பேனா மையைத் தடவி, உடனே மதுசாரம் தோய்ந்த பஞ்சினாற் துடைத்தால், மேலே உள்ள மை நீங்கிவிடும். வளையினுள் இறங்கிய மை மாத்திரம் கருங்கோடாக எஞ்சி நிற்கும். அவ்விடத்தை இலேசாகச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினாற் சிற்றுண்ணியோ, அதன் முட்டையோ, எச்சமோ தெரியும்.

சிற்றுண்ணி அகப்படவில்லை என்பதனால் நோய் இல்லை என்று முடிவுசெய்தல் கூடாது. மெல்லன்பி என்னும் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஷெபீல்ட் நகரில் நடத்திய ஆய்வுகள், சாதாரண நோயாளி ஒருவரின் உடல் முழுவதிலும் சராசரியாகப் பதினொரு பெண் சிற்றுண்ணிகள் அளவிலேயே இருப்பதைக் காட்டின. உடலெங்கும் காணப்படும் பருக்கள் சிற்றுண்ணி கடித்தவையல்ல. அதன் உடற்பொருளுக்கும் எச்சத்துக்கும் எதிராக நமது உடல் காட்டும் ஒவ்வாமையே பெரும்பாலும் அவ்வாறு தோன்றுகிறது.

இதனால் விளங்கும் மற்றோர் உண்மையும் உண்டு. முதன்முறை சிரங்கு தொற்றியவருக்கு உடனே சொறிவு தோன்றாது. உடல் ஒவ்வாமை கொள்ள நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அவ்வளவு காலமும் அவர் தாம் அறியாமலே பிறருக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். முன்னர் ஒருமுறை நோயுற்றவருக்கோ, மறுமுறை தொற்றிய ஓரிரு நாட்களிலேயே சொறிவு தொடங்கிவிடும். "எனக்குச் சொறியவில்லை; ஆகையால் மருந்து வேண்டாம்" என்று வீட்டில் ஒருவர் சொல்வது எவ்வளவு தவறானது என்பது இப்போது புலப்படும்.

நாயின் இருவகைச் சொறி

நாய்க்கு வரும் சொறியெல்லாம் ஒன்றல்ல. முக்கியமானவை இரண்டு. முதலாவது, மனிதச் சிரங்கை உண்டாக்கும் சார்கொப்டீஸ் இனத்தின் நாய்க்கென அமைந்த வகையினால் வருவது. இதிற் சொறிவு மிகக் கடுமையானது. நாய் உண்ணும்போதும் உறங்கும்போதும் சொறிந்துகொண்டேயிருக்கும். காது மடலின் விளிம்பு, முழங்கை, பின்னங்காலின் குதி, வயிறு ஆகிய இடங்களில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்துப் பொருக்குக் கட்டும். காது மடலின் விளிம்பை விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால், இந்நோயுள்ள நாய்களிற் பெரும்பாலானவை பின்னங்காலைத் தூக்கிச் சொறிவதுபோல ஆட்டும். மிருக வைத்தியர்கள் இதனை ஒரு நல்ல குறியாகக் கொள்வர். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனையில் இச்சிற்றுண்ணி பல வேளைகளில் அகப்படுவதில்லை. ஆகையால் அறிகுறிகள் பொருந்தினால், சிகிச்சை செய்து குணம் காண்கிறதா எனப் பார்த்தே நோயை உறுதிசெய்வதும் உண்டு.

இரண்டாவது, டெமொடெக்ஸ் என்னும் சிற்றுண்ணியினால் வருவது. இது சுருட்டைப் போன்று நீண்ட உருவமுடையது, மயிர்க்குழிகளிலே வாழ்வது. பிறந்த சில நாட்களிற் பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்குச் செல்கிறது. நலமுள்ள நாய்களிற் பெரும்பாலானவற்றின் தோலிலும் இது சிறுதொகையாகத் தீங்கின்றி வாழ்கிறது. நாயின் எதிர்ப்புச் சக்தி குன்றும்போதே பெருகி, கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் முன்னங்கால்களிலும் மயிரற்ற திட்டுகளை உண்டாக்குகிறது. பக்ரீரியாத் தொற்றுச் சேர்ந்தாலன்றிச் சொறிவு அதிகம் இராது. தோலை அழுத்திப் பிடித்து, இலேசாக இரத்தம் கசியுமளவுக்குச் சுரண்டிப் பார்த்தால் இச்சிற்றுண்ணி எளிதில் அகப்படும். குட்டிகளிற் சிறு திட்டுகள் பெரும்பாலும் தாமாகவே மாறிவிடும். முதிர்ந்த நாயில் இந்நோய் திடீரெனத் தோன்றினால், உள்ளே வேறு நோய் மறைந்திருக்கிறதா என ஆராய வேண்டும்.

இந்த டெமொடெக்ஸ் சொறி மனிதருக்குத் தொற்றுவதில்லை. நம் முகத்து மயிர்க்குழிகளிலும் டெமொடெக்ஸ் உண்டு. ஆனால் அது மனிதருக்கே உரிய வேறு இனம்.

வாலடியிலும் இடுப்பிலும் மாத்திரம் மயிர் உதிர்ந்து நாய் கடித்துச் சொறியுமாயின், அது பெரும்பாலும் தெள்ளினால் வந்த வினையாகும். ஆகவே மயிர் கொட்டிய நாயைக் கண்டவுடன் தொற்றுநோய் என்று அஞ்சி ஓடுதல் அறிவுடைமையன்று.

நாயிடமிருந்து நமக்கு வருமா?

நாயின் சார்கொப்டீஸ் சிற்றுண்ணி மனிதரின் உடலில் ஏறக்கூடும், சொறிவையும் உண்டாக்கக்கூடும். ஆனால் அது பெரும்பாலும் மனிதத் தோலிலே குடும்பம் நடத்திப் பல்கிப் பெருகுவதில்லை. நாயை அணைத்தவரின் முன்கை, மார்பு, வயிறு, தொடை போன்ற, நாய் பட்ட இடங்களிலே சிறு செம்பருக்கள் ஓரிரு நாட்களில் தோன்றும். விரல் இடுக்குகளிலே வளைகள் இரா. நாய்க்குச் சிகிச்சை செய்துவிட்டால், சில வாரங்களில் அவை தாமாகவே மறைந்துபோகும்.

மனிதச் சிரங்கோ மனிதரிடமிருந்தே மனிதருக்கு வருவது. 1999ஆம் ஆண்டில் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்று இதற்குத் தக்க சான்று. வட அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிகள் வாழும் ஊர்களிலே சிரங்கு மலிந்திருந்தது. சொறிநாய்களும் நிறைய இருந்தன. நாய்களே காரணம் எனக் கருதுவது இயல்பன்றோ? ஆராய்ச்சியாளர் இருபாலாரிடமிருந்தும் சிற்றுண்ணிகளை எடுத்து அவற்றின் பரம்பரை அலகுகளை ஒப்பிட்டனர். ஒரே ஊரில், ஒரே வீட்டில் வாழ்ந்தபோதும் நாயின் சிற்றுண்ணிகள் ஒரு கூட்டமாகவும் மனிதரின் சிற்றுண்ணிகள் மற்றொரு கூட்டமாகவும் பிரிந்து நின்றன. விதிவிலக்குகள் இருக்கலாம், எனினும் நாய்களை ஒழிப்பதாற் சிரங்கு ஒழியாது என்பது தெளிவாயிற்று. மனிதரிடமிருந்தே ஆதியில் இச்சிற்றுண்ணி வீட்டு மிருகங்களுக்குச் சென்றது எனக் கருதும் அறிஞர்களும் உளர்!

ஆகவே, பிள்ளைக்குச் சொறிவு கண்டால் நாயைத் துரத்துமுன் பிள்ளையின் விரல் இடுக்கைப் பாருங்கள். வீட்டார் எல்லோருடைய விரல் இடுக்குகளையும் பாருங்கள்.

மனிதருக்குரிய சிகிச்சை

சிரங்கு தீராமைக்குப் பெரும்பாலும் மருந்து காரணமன்று. மருந்தைப் பூசும் முறையே காரணம். இன்று பெரிதும் கையாளப்படுவது 5 வீதப் பேர்மெத்திரின் களிம்பு. இதனைச் சொறியும் இடத்தில் மாத்திரம் தடவுதல் பயனற்றது. கழுத்திலிருந்து பாதம்வரை, விரல் இடுக்கு, நக அடி, தொப்புள், பிறப்புறுப்பு எதையும் விடாது, உலர்ந்த தோலிற் பூசி, எட்டு முதல் பதினான்கு மணித்தியாலம் விட்டுக் கழுவவேண்டும். இடையிற் கை கழுவினாற் கையில் மறுபடியும் பூசவேண்டும். ஒரு வாரம் அல்லது இரண்டு வாரத்தின் பின் மீண்டும் ஒருமுறை பூசுதல் அவசியம். முதன்முறை தப்பிய முட்டைகளிலிருந்து வந்தவை அப்போது அழியும். பென்சைல் பென்சோயேற்று என்னும் பூச்சு மருந்தும், கந்தகக் களிம்பும் நெடுங்காலமாக வழங்கி வருவன. முன்னது எரிச்சலூட்டுவது, பிள்ளைகளுக்கு ஐதாக்கியே பூசுவர். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு எது தகும், எவ்வளவு தகும் என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

வாயால் உட்கொள்ளும் ஐவர்மெக்டின் மாத்திரையும் உண்டு. ஜப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெறப்பட்ட பொருளின் வழிவந்தது இது. இதற்கு அடிகோலிய ஓமுரா, காம்பெல் என்னும் இருவரும் 2015ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபெல் பரிசிற் பங்கு பெற்றனர். கர்ப்பிணிகளுக்கும், 15 கிலோகிராமுக்குக் குறைந்த நிறையுள்ள பிள்ளைகளுக்கும் பொதுவாக இதனைக் கொடுப்பதில்லை.

எந்த மருந்தாயினும், வீட்டிலுள்ள அனைவரும், சொறிவு இல்லாதவர்களும் உட்பட, ஒரே நாளிற் பூசவேண்டும் என்பதே தலையாய விதி. இன்று மூத்தவனுக்கு, அடுத்த கிழமை இளையவளுக்கு என்று செய்தால், இருவரும் மாறி மாறி நோயைப் பரிமாறிக்கொண்டேயிருப்பர். முந்திய மூன்று நாட்களில் உபயோகித்த உடை, படுக்கை விரிப்பு, தலையணை உறை, துவாய் ஆகியவற்றைச் சுடுநீரில் தோய்த்து நல்ல வெயிலிற் காயவிடுதல் போதும். தோய்க்க முடியாதவற்றை மூன்று நாட்களுக்குக் குறையாமற் பையில் இறுகக் கட்டி வைக்கலாம். வீடு முழுவதும் பூச்சிகொல்லி தெளிப்பது வீண், ஆபத்தும்கூட.

சிகிச்சையின் பின்னரும் இரண்டு முதல் நான்கு வாரங்கள்வரை சொறிவு நீடிக்கலாம். இறந்த சிற்றுண்ணிகளின் எச்சம் தோலோடு உதிரும்வரை ஒவ்வாமை தணியாது. இதனை அறியாது மருந்தை நாள்தோறும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வோர் பலர். வைத்திய ஆலோசனையின்றி மருந்துக் கடைகளில் வாங்கிப் பூசும் ஸ்டீரொயிட் களிம்புகளோ சொறிவைச் சற்று அடக்கி, நோயின் அடையாளங்களை மறைத்து, சிற்றுண்ணியைப் பெருகவிடுகின்றன.

சிரங்கைச் சிறு நோயென்று அலட்சியம் செய்தலாகாது. சொறிந்த புண்ணிற் பக்ரீரியா புகுந்து சீழ்பிடித்தால், அதன் விளைவாகச் சிறுநீரகமும் பழுதுபடக்கூடும். புண்ணுள்ள பிள்ளையின் முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேநீரின் நிறங்கொண்டாலோ தாமதியாது ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும். முதியோரிலும் எதிர்ப்புச் சக்தி குன்றியோரிலும் தோல் தடித்துப் பொருக்காகும் கடும்வகை ஒன்று உண்டாகலாம். அங்கே சிற்றுண்ணிகள் ஆயிரக்கணக்கில், சில வேளை இலட்சக்கணக்கிற் பெருகியிருக்கும். இவ்வகை மிக விரைவிற் பரவும்.

நாய்க்குரிய சிகிச்சை

சொறிநாய்க்கு வாகனங்களிலிருந்து கழிக்கப்பட்ட எண்ணெயைப் பூசும் கொடிய வழக்கம் ஒன்று நம்மிடையே இருந்து வருகிறது. அது மருந்தன்று, நஞ்சு. தோலை எரிப்பது மாத்திரமன்றி, நாய் தன் உடலை நக்கும்போது உள்ளே சென்று ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். மண்ணெண்ணெயும் அத்தகையதே. மாட்டுக்குரிய ஐவர்மெக்டின் ஊசிமருந்தை மட்டு மதிப்பாக நாய்க்கு ஏற்றுவதும் அபாயமானது. கொல்லி முதலிய சில சாதி நாய்களில் ஒரு பரம்பரை அலகின் குறையினால் அம்மருந்து மூளையைத் தாக்கி உயிரையே போக்கலாம். பிள்ளைக்கு வாங்கிய பேர்மெத்திரின் களிம்பைப் பூனைக்குப் பூசுதல் ஒருபோதும் கூடாது. பூனைக்கு அது கடும் நஞ்சு.

அண்மைக் காலத்தில் நாயின் இருவகைச் சொறிக்கும் பயன்படும் மாத்திரைகள் வந்துள்ளன. புளூரலனர், அபொக்சொலனர், சாரொலனர் என்பன அவற்றிற் சில. வலிப்பு நோயுள்ள நாய்க்கு இவற்றைக் கொடுக்குமுன் மிருக வைத்தியரிடம் அதனைச் சொல்லவேண்டும். சார்கொப்டீஸ் சொறியாயின் வீட்டிலுள்ள எல்லா நாய்களுக்கும் ஒருங்கே சிகிச்சை செய்து, அவை படுக்கும் சாக்கை எரித்துவிடுவது நன்று. நல்ல உணவும் குடற்புழு மருந்தும் குணமடைதலுக்குத் துணைசெய்யும். தெருநாய்க்கு உதவ விரும்புவோர் கையுறை அணிதல் வேண்டும். கடியோ கீறலோ பட்டால் சவர்க்காரமும் நீரும் கொண்டு நன்றாகக் கழுவி, நீர்வெறுப்பு நோய்க்கான தடுப்பூசிக்கு உடனே ஆசுபத்திரியை நாடவேண்டும்.

வெட்கமே பெரும் பகை

சிரங்கு அழுக்கினால் வரும் நோய் என்பது தவறான எண்ணம். நாள்தோறும் முழுகுபவரையும் அது பற்றும். நெடுநேரம் தோலோடு தோல் படுதலே அது பரவும் முக்கிய வழி. ஒரே பாயில் உறங்கும் பிள்ளைகளும், நெருக்கமான விடுதிகளில் வாழ்வோரும் எளிதில் ஆளாகின்றனர். உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பவலய நோய்களின் வரிசையிற் சேர்த்தது. எந்நேரத்திலும் உலகில் 20 கோடிக்கும் மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்கின்றனர் என அது மதிப்பிடுகிறது. இத்தனை கோடிப் பேருக்கு வரும் நோயில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒன்றுபட்டு மருந்துண்டால் விளையும் பயனைப் பிஜித் தீவுகளில் நடந்த பரிசோதனை காட்டுகிறது. 2015இல் அதன் முடிவுகள் வெளியாயின. ஓர் இடத்தில் நோயுள்ளவர், இல்லாதவர் என்ற பேதமின்றி அனைவருக்கும் ஐவர்மெக்டின் வழங்கப்பட்டது; அது தகாதவர்களுக்குப் பேர்மெத்திரின் கொடுக்கப்பட்டது. நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு ஓராண்டில் நூற்றுக்கு 2 பேரளவுக்குக் குறைந்தது. நோயாளருக்கும் அவரோடு நெருங்கியவர்களுக்கும் மாத்திரம் மருந்து கொடுத்த இடத்திலோ, 37இலிருந்து 19 அளவுக்கே குறைந்தது.

இதிலே பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் படிப்பினை உண்டு. சொறியும் மாணவனை வகுப்பின் கடைசி வாங்கில் தனியே இருத்தினால், மற்றைய பிள்ளைகள் தம் சொறிவை மறைக்கவே கற்பர்; மறைத்த நோய் வீடுதோறும் பரவும். பெற்றோரை அழைத்து இரகசியமாகச் சொல்லி, குடும்பம் முழுவதையும் ஒரே நாளில் மருந்து பூசச் செய்தால், முதற் பூச்சு முடிந்த மறுநாளே அப்பிள்ளை பாடசாலைக்குத் திரும்பலாம். வீட்டு நாயும் தன் முற்றத்திலேயே இருக்கலாம். அதற்கும் சொறி இருந்தால் அதற்குரிய மருந்தைக் கொடுப்போம். நமது சொறிக்கு நமக்குரிய மருந்தைத் தேடுவோம்.